மக்காச்சோள இலைக்கருகலுக்கு மருந்து அடிப்பது: தெளிப்பான், நாசில், தண்ணீர் அளவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்து வயலில் அதே மருந்து கேட்டது, எங்கள் வயலில் கேட்கவில்லை. மருந்து போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் தெளிப்பானைப் பாருங்கள். பூஞ்சாணக்கொல்லி தோற்பதற்குப் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: ஏக்கருக்குப் போக வேண்டிய மருந்து போகவில்லை, போனது தேவையான இலையில் படவில்லை, பட்டது பெரிய துளியாக விழுந்து வழிந்து ஓடிவிட்டது. மூன்றையும் முடிவு செய்வது நாசில், அழுத்தம், நடை.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2018-இல் படைப்புழு வந்த பிறகு, மக்காச்சோளத்தில் மருந்து என்றால் குருத்துக்குள் அடிப்பது என்று கை பழகிவிட்டது. புழு குருத்துக்குள் இருப்பதால் அதற்கு அது சரி. இலைக்கருகல் பெரும்பாலும் கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும் நோய். குருத்தில் ஊற்றிய மருந்து கீழ் இலைக்கு வராது.

உள்ளே போய்ப் பரவும் மருந்து என்கிறார்களே, எங்கே பட்டாலும் போதாதா?

போதாது. மக்காச்சோளத்துக்குக் கிடைக்கும் ஊடுருவும் மருந்துகள் (அசாக்ஸிஸ்ட்ரோபின், டைபெனகோனசோல், புரோபிகோனசோல், மெட்டாலாக்சில்) செடிக்குள் நீரோட்டத்தோடு மேல்நோக்கி, இலை நுனியை நோக்கித்தான் நகரும். இலையின் அடிப்பாகத்தில் பட்டது நுனிக்குப் போகும். நுனியில் பட்டது அடிக்குத் திரும்பாது. மேல் இலையில் பட்டது கீழ் இலைக்கு இறங்காது. மாங்கோசெப் இலைக்குள் போவதே இல்லை. பட்ட இடத்தில் மட்டும் காவல் நிற்கும். துளிக்கும் துளிக்கும் இடையே விட்ட இடம் பூஞ்சாணத்துக்குத் திறந்த கதவு.

எந்த நோய்க்குச் செடியில் எங்கே குறி வைக்க வேண்டும்?

டர்சிகம் இலைக்கருகல்: சுருட்டு வடிவத்தில், விரல் நீளத்துக்கும் மேல் போகும் சாம்பல்-பழுப்புத் திட்டுகள். குளிர்ந்த, பனி படியும் காலத்தில் வேகமெடுக்கும். புரட்டாசிப் பட்டத்துப் பயிர் ஐப்பசி, கார்த்திகையில் மாட்டிக்கொள்வது இதில்தான். காப்பாற்ற வேண்டியது கதிர் இலையும் (கதிரை ஒட்டியுள்ள இலை) அதற்கு மேலே உள்ள இலைகளும், ஏனென்றால் மணி நிரம்புவதற்கு உணவு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பூஞ்சாணத்தின் வித்து கிளம்புவது கீழ் இலைகளிலிருந்து. அதனால் முதல் தெளிப்பு கீழே, அடுத்தது நடுவிலிருந்து மேலே.

இலையுறைக் கருகல்: மண் மட்டத்துக்கு அருகே இலையுறையில் பட்டை பட்டையாகத் தொடங்கி ஏறும். மேலிருந்து அடிக்கும் எந்தக் கருவியும் இதற்கு உதவாது. லான்ஸை (நாசில் பொருத்திய நீளக் குழாயை) முழங்காலுக்குக் கீழே இறக்கி, தண்டோடு சேர்த்து அடிக்க வேண்டும்.

அடிச்சாம்பல்: இதற்கு விதை நேர்த்திதான் முதல் மருந்து, தெளிப்பு விதைத்து 20 நாள் வாக்கில். இலை வெளுத்து, செடி குன்றிய பிறகு அந்தச் செடி திரும்பாது. பிடுங்கி எரித்துவிட்டு, மிச்சச் செடிகளைக் காப்பாற்ற அடியுங்கள்.

கரிக்கோல் அழுகல்: இலையில் எதை அடித்தாலும் பயனில்லை. பூக்கும் நேரத்தில் வறட்சி விடாமல் தண்ணீர் கட்டுவதுதான் வழி.

ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிக்க வேண்டும்?

மருந்துக் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "பத்து டேங்க்" என்று வரும் பதிலில்தான் தவறு தொடங்குகிறது. உங்கள் நாசிலும் உங்கள் நடையும் எவ்வளவு ஊற்றுகின்றன என்பது கடைக்காரருக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

வயலில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றைக் குச்சி நட்டுக் குறியுங்கள். அது ஏக்கரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. டேங்கில் வெறும் தண்ணீரை ஒரு குறி வரை ஊற்றி, மருந்து அடிப்பதுபோலவே, அதே நடையில், அதே பிடியில் அந்தச் சதுரத்தை அடித்து முடியுங்கள். பிறகு ஒரு லிட்டர் அளவுக் குவளையால் அதே குறி வரை மீண்டும் நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதை 40-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான தண்ணீர்.

மூன்றரை லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 140 லிட்டர். 16 லிட்டர் டேங்கில் எட்டே முக்கால் டேங்க். மாங்கோசெப் ஏக்கருக்கு 600 கிராம் போட வேண்டுமென்றால் டேங்குக்கு 68 முதல் 69 கிராம் வரும். இதே ஆள் "200 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 3 கிராம்" என்ற கணக்கை வைத்து டேங்குக்கு 48 கிராம் போட்டிருந்தால், வயலில் விழுந்தது 420 கிராம்தான். முப்பது சதவீதம் குறைவு. மருந்து போலி என்ற பேச்சு பல நேரம் இங்கேதான் பிறக்கிறது.

அளவு ஏக்கருக்கானது, டேங்குக்கானது அல்ல. டப்பா லேபிளில் ஹெக்டேர் கணக்கு இருந்தால் இரண்டரையால் வகுத்தால் ஏக்கர் கணக்கு கிடைக்கும். பயிர் வளர வளர நடை மாறும். எனவே முழங்கால் உயரத்தில் எடுத்த அளவை ஆளுயரப் பயிருக்குப் பயன்படுத்தாதீர்கள். மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

தண்ணீரைக் கூட்டினால் நன்றாக நனையும் அல்லவா?

ஓரளவு வரைதான். இலை நுனியிலிருந்து சொட்டத் தொடங்கியதும் அதற்கு மேல் ஊற்றுவது மண்ணுக்கு. வழிந்து ஓடும்போது ஏற்கெனவே படிந்ததையும் இழுத்துக்கொண்டு போகும். மக்காச்சோள இலையின் நடு நரம்பு வாய்க்கால் மாதிரி. அதிகமாக ஊற்றிய தண்ணீர் அந்த வழியே இலையுறைக்குள் இறங்கிவிடும். இலை முழுக்கப் பொடிப்பொடியாகத் துளி நிற்க வேண்டும், சொட்டக் கூடாது.

எந்த நாசில் வாங்குவது?

இலை நோய்க்குக் கைத்தெளிப்பானில் கூம்பு நாசில், அதாவது உள்ளே சுழல் தட்டு வைத்து வெற்றுக் கூம்பாகப் பொழியும் வகை. துளிகள் பல கோணத்தில் பறப்பதால் இலையின் இரு பக்கமும், உறைமடிப்பும் ஓரளவு நனையும். தட்டை விசிறி நாசில் களைக்கொல்லிக்கும் பூம் ஸ்பிரேயருக்கும் (நீளக் கம்பியில் நாசில்கள் வரிசையாக உள்ள தெளிப்பான்) நல்லது.

தெளிப்பானோடு இலவசமாக வரும், திருகினால் கூம்பாகவும் இன்னும் திருகினால் பீச்சலாகவும் மாறும் பிளாஸ்டிக் நாசிலை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அரைச்சுற்று மாறினாலே வெளியேறும் அளவும் துளியின் பருமனும் மாறிவிடும். அளந்து வைத்த கணக்கெல்லாம் வீண். ஒரே அளவு ஊற்றும் நாசில் ஒன்றை வாங்கி அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

துளியின் பருமன் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே தண்ணீரில் எட்டுத் துளி கிடைக்கும். 400 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி ஒன்று ஒரு இடத்தைக் காக்கும். 200 மைக்ரான் துளி எட்டு, எட்டு இடத்தைக் காக்கும். பெரிய துளி மெழுகுப் பூச்சுள்ள இளம் இலையில் பட்டுத் தெறித்தும் போகும். அதற்காக மிகப் பொடியாக்கினாலும் சரிவராது; 100 மைக்ரானுக்குக் கீழே போனால் வெயிலில் வழியிலேயே காய்ந்துவிடும், அல்லது காற்றோடு அடுத்த வயலுக்குப் போய்விடும்.

ஐ.எஸ்.ஓ. நிறக் குறியீடு உள்ள நாசில் வாங்கினால் கணக்கு எளிது. 3 பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் ஆரஞ்சு நிமிடத்துக்குச் சுமார் 0.4 லிட்டர், பச்சை 0.6, மஞ்சள் 0.8, நீலம் 1.2, சிவப்பு 1.6. புதிய நாசில் ஊற்றும் அளவை முதல் நாளே அளந்து எழுதி வையுங்கள். அதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக ஊற்றத் தொடங்கினால் துளை தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பித்தளை சீக்கிரம் தேயும், பீங்கான் நின்று உழைக்கும். நனையும் தூள் வகை மருந்துகள் உப்புத்தாள் மாதிரி. திரவ மருந்தைவிட வேகமாக நாசிலைத் தின்றுவிடும்.

அடைத்துக்கொண்டால் பழைய பல் துலக்கும் பிரஷ். கம்பியோ ஊசியோ விடாதீர்கள், துளை கோணிவிடும். வாயால் ஊதவே கூடாது.

பேட்டரி ஸ்பிரேயரில் கடைசி டேங்குகள் மெதுவாக வருகின்றன. பாதகமா?

பாதகம்தான். அழுத்தம் பாதியானால் வெளியேறும் அளவு சுமார் 30 சதவீதம் குறையும், துளியும் பருமனாகும். நீங்கள் அதே வேகத்தில் நடந்துகொண்டிருப்பீர்கள். வயலின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் கருகல் அடங்கவில்லை என்றால் நோயைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியைச் சந்தேகியுங்கள்.

முதல் டேங்கில் ஒரு நிமிடம், ஆறாவது டேங்கில் ஒரு நிமிடம், குவளையில் பிடித்துப் பாருங்கள். 900 மில்லி வந்த இடத்தில் 650 வந்தால் அன்றைக்கு வேலையை அங்கே நிறுத்திவிட்டு சார்ஜ் போடுவது நல்லது. அழுத்தக் குமிழை நடுவில் திருப்புவதும் இதே குழப்பத்தைத்தான் தரும். நாள் முழுக்க ஒரே நிலையில் இருக்கட்டும். நெம்புகோல் அடிக்கும் பழைய கைத்தெளிப்பானில் பேட்டரித் தொல்லை இல்லை, ஆனால் கை சோர்ந்தால் அதே கதை.

பவுடர் மருந்து டேங்கின் அடியில் தங்கிவிடுகிறது. என்ன செய்வது?

மாங்கோசெப் கரைவதில்லை, தண்ணீரில் மிதந்து நிற்கிறது. அசைவு நின்றால் படியும். பேட்டரி ஸ்பிரேயருக்குள் கலக்கும் துடுப்பு எதுவும் இல்லை. உங்கள் நடையில் டேங்க் குலுங்குவதுதான் கலக்கல். உறிஞ்சு குழாய் அடியில் இருப்பதால் படிந்தது முதலில் வெளியேறும். முதல் சால்களுக்குக் கெட்டி மருந்து, கடைசிச் சால்களுக்கு வெறும் தண்ணீர் என்று ஆகிவிடும்.

ஒரு டேங்குக்கான தூளைச் சிறு வாளியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, குச்சியால் தோசை மாவுப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். கட்டி இல்லாமல் வந்ததும் இரண்டு லிட்டராக நீர்த்து, துணியில் வடிகட்டுங்கள். டேங்கில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு இந்தக் கரைசல், பிறகு மீதித் தண்ணீர். காய்ந்த தூளை நேரே டேங்கில் கொட்டுவதுதான் அடைப்புக்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் வாய்க்காலிலிருந்து கலங்கல் தண்ணீரை அப்படியே மொண்டு ஊற்றுவது. லான்ஸில் உள்ள சல்லடை தூள் மருந்துக்கு 50 மெஷ் (ஓர் அங்குலத்தில் 50 கண்) போதும். 100 மெஷ் போட்டால் அடிக்கடி நிற்க வேண்டியிருக்கும். வெற்றிலைபாக்குப் போட உட்கார்ந்தால், எழுந்ததும் டேங்கை நன்றாகக் குலுக்கிவிட்டுத் தொடருங்கள். கலந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள். மாங்கோசெப் தண்ணீரில் சிதைந்து வலுவிழக்கும்.

ஆளுயரப் பயிரில் லான்ஸை எப்படிப் பிடிப்பது?

60 சென்டிமீட்டர் பார் இடைவெளியில் ஒவ்வொரு பாராக நடங்கள். ஒரு பார் விட்டு ஒரு பார் போனால் எட்டாத பக்கம் நனையாது. வளைந்த முனையை மேல்நோக்கித் திருப்பி, லான்ஸை முழங்கால் உயரத்திலிருந்து மார்பு உயரம் வரை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டு போங்கள். இலையிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளியிருக்கட்டும். போகும்போது வலது வரிசை, திரும்பும்போது மறு வரிசை. முனை கீழ்நோக்கியே இருந்தால் அடிப்பக்கம் காய்ந்தே நிற்கும்.

காற்றுக்கு எதிரே நடக்கக் கூடாது, குறுக்கே நடங்கள். காற்று போகும் பக்கத்து ஓரத்தில் தொடங்கி, அடித்த பகுதியை விட்டு விலகி வந்துகொண்டே இருங்கள். நனைந்த இலைகள் உடம்பில் உரசுவது குறையும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி. வெக்கையாகத்தான் இருக்கும். இலை கிழித்த கையில் மருந்து படுவது அதைவிடக் கெடுதல்.

பவர் ஸ்பிரேயர், எச்.டி.பி. பம்ப் (டிரம்மிலிருந்து ஹோஸில் அடிக்கும் உயர் அழுத்தப் பம்ப்) இரண்டில் எது?

பெட்ரோல் பவர் ஸ்பிரேயரின் காற்று வீச்சு இலைகளைப் புரட்டுவதால் அடிப்பக்கமும் நனையும்; உயரப் பயிருக்கு அது பெரிய வசதி. ஆனால் தண்ணீர் குறைவாகப் பிடிக்கும். அங்கேயும் கைத்தெளிப்பானின் "லிட்டருக்கு இவ்வளவு" கணக்கைப் போட்டால் ஏக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு மருந்துதான் போயிருக்கும். ஏக்கர் அளவை எடுத்து, பிடிக்கும் தண்ணீரில் பங்கிடுங்கள். மிக அருகில் வைத்து அடித்தால் இலை கருகும், ஐந்தாறு பார் தாண்டி வீசினால் கடைசிப் பாருக்கு எதுவும் போகாது.

எச்.டி.பி.யில் டிரம்மும் நீள ஹோஸும் வைத்துத் துப்பாக்கி முனையால் அடிப்பது வேகம். இலை நோய்க்கு எங்கள் கடைசித் தேர்வு அதுதான். பீச்சலாக அடித்தால் துளி பருமன், வழிசல் அதிகம். ஹோஸ் இழுபட்டுச் செடி முறியும். ஓரங்களுக்கு இரண்டு மடங்கு, நடுவுக்கு அரை மடங்கு. வேறு வழியில்லை என்றால் கூம்பாகத் திறந்து வைத்து, டிரம்மில் ஒரு ஆள் கலக்கிக்கொண்டே இருக்கட்டும்.

டிராக்டர் பூம் ஸ்பிரேயர் பயன்படுமா?

இடுப்பு உயரத்துக்குக் கீழே இருக்கும் வரை, அடிச்சாம்பல் தெளிப்புக்கு, நன்றாகப் பயன்படும். அதற்கு மேல் உயர அச்சு உள்ள வண்டி வேண்டும். நாசில்கள் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் பயிரின் உச்சியிலிருந்தும் 50 சென்டிமீட்டர் உயரம். மஞ்சள் நாசில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்றால் ஹெக்டேருக்கு 192 லிட்டர், ஏக்கருக்கு 78. வண்டியை 7 கிலோமீட்டருக்கு விரட்டினால் அது 55 ஆகிவிடும். ஓட்டுநருக்கு அவசரம் இருக்கும். கூடவே நின்று பாருங்கள்.

ட்ரோனில் அடித்தால் போதுமா?

ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் வேலை, ஆள் உள்ளே இறங்க வேண்டியதில்லை. பூ வந்த, நுழைய முடியாத பயிரில் இது உண்மையான உதவி. ஆனால் துளிகளில் பெரும்பங்கு மேல் இலைகளில் நின்றுவிடும். கதிர் இலைக்குக் குறைவு, அதற்குக் கீழே மிகக் குறைவு. மருந்து கீழே இறங்காது என்பதை மேலே சொன்னோம்.

தூள் மருந்தை ட்ரோனுக்குத் தவிர்ப்பது நல்லது. 600 கிராம் மாங்கோசெப்பை 10 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 60 கிராம். அது தெளிப்பு நீர் அல்ல, சுண்ணாம்புக் குழம்பு. எஸ்.சி. வகை (நுண்துகள் திரவத்தில் மிதக்கும் வகை) திரவ மருந்தாக, ட்ரோனுக்கு அனுமதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பயிருக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் உயரம் போதும். உயரத்தைக் கூட்டி, வேகத்தைக் கூட்டி முடித்துக்கொண்டு போகிறவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம்.

எங்களைக் கேட்டால், முதல் தெளிப்பு 35-40 நாளில் கைத்தெளிப்பானால் கீழிருந்து. அடுத்தது தேவைப்பட்டால் பூக்கும் நேரத்தில் ட்ரோனால். இலையுறைக் கருகலுக்கு ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

மருந்து சரியாகப் படிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் சோதனைத் தாள் விற்கிறது. கிடைக்காவிட்டால் வெள்ளைக் காகிதமும் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் போதும். காகிதத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஒரு செடியில் கீழ் இலை, கதிர் இலை, உச்சி இலை மூன்றிலும் மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று எனக் குண்டூசியால் குத்துங்கள். இப்படி நாலைந்து செடிகள். நீலம் கலந்த வெறும் தண்ணீரை வழக்கம்போல அடித்துவிட்டு, காய்ந்ததும் எடுத்துப் பாருங்கள்.

ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் 50 முதல் 70 புள்ளிகள் இருந்தால் பூஞ்சாணக்கொல்லிக்கு நல்ல படிவு. காகிதம் முழுக்க நீலமாக ஒழுகியிருந்தால் தண்ணீர் அதிகம் அல்லது துளி பருமன். உச்சித் தாளில் நிறைய, கதிர் இலைத் தாளில் பத்துப் புள்ளி என்றால் லான்ஸ் பிடி தவறு. அடிப்பக்கத் தாள் வெள்ளையாகவே வருவதுதான் நாம் அதிகம் பார்ப்பது. முனையைத் திருப்பி மறுபடி அடித்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டிக்கர் (ஒட்டுத் திரவம்) சேர்க்க வேண்டுமா? எந்த நேரத்தில் அடிக்கலாம்?

இளம் பயிரில் லேபிள் சொல்லும் அளவுக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். பூக்குலை வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்க மக்காச்சோள வயல்களில், அந்தக் கட்டத்தில் சிலவகை அயனியற்ற ஒட்டுத் திரவம் சேர்த்து அடித்ததால் கதிர் பாதியில் வளர்ச்சி நின்று கட்டையாகப் போனதைக் கண்டிருக்கிறார்கள்.

பனி இலையில் சொட்ட நிற்கும்போது அடித்தால் மருந்து வழிந்துவிடும். பனி உலர்ந்த காலையோ, வெயில் தாழ்ந்த மாலையோ சரி. மாலையானால் இருட்டுவதற்குள் இலை காய நேரம் இருக்கட்டும். மழை மூட்டமாக இருந்தால் மாங்கோசெப்பைக் கையில் எடுக்காதீர்கள்.

படைப்புழு மருந்தோடு ஒரே டேங்கில் கலந்து அடிக்கலாமா?

இரண்டு லேபிளும் தடுக்காவிட்டால் கலக்கலாம். பாட்டிலில் சிறு அளவு கலந்து அரை மணி வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ படிந்தாலோ வேண்டாம். ஆனால் குறி இரண்டுக்கும் வேறு. புழுவுக்குக் குருத்து, கருகலுக்குக் கீழ் இலை. ஒரே நடையில் இரண்டையும் பார்க்கப் போனால் கை தானாகக் குருத்துக்கே போகும். கலந்தால், ஒரு செடிக்கு இரண்டு வீச்சு என்று நினைவில் வைத்துக்கொண்டு, நடையை மெதுவாக்கி, மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

களைக்கொல்லி அடித்த டேங்கில் அடிக்கலாமா?

முடிந்தால் தனி டேங்க். அட்ராசின் மிச்சம் மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது. கிளைபோசேட்டோ, பயறு வயலில் புல்லுக்கு அடித்த குயிசாலோபாப்போ கொஞ்சம் தங்கியிருந்தாலும் பயிர் மஞ்சளாகிக் கருகும். அதையும் நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து அடிப்பவர்கள் உண்டு. டேங்க், ஹோஸ், லான்ஸ், சல்லடை, நாசில் எல்லாவற்றையும் சலவைச் சோடாக் கரைசல் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை பீச்சிக் கழுவுங்கள். கழுவிய நீர் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ போகக் கூடாது.

அடித்த பிறகு தட்டையை மாட்டுக்குப் போடலாமா?

லேபிளில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடியும் வரை கூடாது. ஓரத்துச் செடிகளைப் பச்சைத் தீவனமாக அறுப்பவர்கள் அந்த வரிசைகளை மருந்து அடிக்கும் முன்பே அறுத்துவிடுங்கள்.